தாய்ப்புலம் அறியாமல் உட்பிரிவு பிறக்கலாகாது

அண்மையில் முதுகலை மாணவர் சிலருடைய செயல்திட்டம் ஒன்றைப் பார்த்துக் கருத்துரைக்கும் வாய்ப்பு அமைந்தது. நில ஆவணங்களைப் பராமரிக்கும் மென்பொருள் அது. திரைகள் அழகாக இருந்தன. சோதனைகள் அனைத்தும் பச்சை நிறம் காட்டின. நான் ஒரேயொரு காரியம் செய்தேன். 1000 சதுர மீட்டர் பரப்புள்ள புலம் ஒன்றை உருவாக்கி, அதன்கீழ் 400 சதுர மீட்டர் வீதம் மூன்று உட்பிரிவுகளைப் பதிவு செய்தேன். மென்பொருள் மூன்றையும் ஏற்றுக்கொண்டது. தாய்ப்புலத்தின் பரப்பைக் கேட்டபோது, அது அமைதியாக '1000' என்றது. இல்லாத 200 சதுர மீட்டர் நிலம் கணினிக்குள் பிறந்துவிட்டிருந்தது. அது போதாதென்று, பிரித்துக் கொடுத்த பின்னும் தாயின் கையில் முழு நிலமும் இருந்தது.

மாணவர்கள் சிரித்தார்கள், 'ஒரு சரிபார்ப்பு விட்டுப்போயிற்று, சேர்த்துவிடுகிறோம்' என்றார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. இதே பிழையை நான் மென்பொருளில் பார்ப்பதற்கு முன்னரே என் வீட்டில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட எல்லைக் கிராமங்களுள் ஒன்று எங்களுடையது. வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீசில் மலையாளம். பாட்டிக்கு இருபது சென்ட் நிலம் இருந்தது. மீட்டர்க் கணக்கில் 809 சதுர மீட்டர். பாகபத்திரம் எழுதி மூன்று மக்களுக்கும் பிரித்துக் கொடுத்தார்: பெரிய மாமாவுக்கு எட்டு சென்ட், சின்ன மாமாவுக்கு ஏழு, என் தாயாருக்கு ஐந்து. மீட்டரில் முறையே 324, 283, 202. கூட்டிப் பாருங்கள், 809 சரியாக வரும்.

பத்திரம் எழுதினால் மட்டும் போதாது, 'போக்குவரவு' செய்யவேண்டும். கேரளத்தில் வருவாய்ப் பதிவேட்டில் உடைமை மாறுவதை அப்படித்தான் அழைப்பர். கொடுப்பவரின் தண்டப்பேர்க் கணக்கிலிருந்து பரப்பைக் கழித்து, பெறுபவரின் கணக்கில் வரவு வைக்கவேண்டும். பெரிய மாமா முதலில் சென்று தம் பங்கிற்குப் போக்குவரவு செய்தார். அவர் பெயரில் புதிய கணக்குத் திறக்கப்பட்டு 324 ஏறியது. பாட்டியின் கணக்கில் அந்த 324 கழிக்கப்படவில்லை. சில ஆண்டுகள் கழித்துச் சின்ன மாமாவின் முறை வந்தபோது கழித்தல் ஒழுங்காக நடந்தது. பாட்டியின் கணக்கு 526 ஆயிற்று. இறுதியாக என் தாயார் சென்றபோது, காகிதத்தில் 526 எஞ்சியிருந்தது. மண்ணில் 202 மட்டுமே இருந்தது.

அடுத்து நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். காகிதம் பதின்மூன்று சென்ட் என்கிறது. வேலிக்குள் ஐந்தே சென்ட் இருக்கிறது. அப்படியானால் வேலியை நகர்த்தியவர் யார்? உடன்பிறந்தாருக்குள் பேச்சு நின்றது. ஒரு திருமணத்திற்கு ஒருவர் வரவில்லை; ஒரு துக்கத்திற்கு மற்றொருவர் வாசலோடு திரும்பினார். 526-இலிருந்து 202-ஐக் கழித்தால் 324. பெரிய மாமாவின் பங்கு எவ்வளவோ, காணாமற்போனதும் அவ்வளவே. எண் தானே விடையைச் சொல்லிக்கொண்டிருந்தது. கோபத்தில் இருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை. அளந்து, மனுக்கொடுத்து, திருத்தம் வருவதற்குள் பாட்டி காலமாகிவிட்டார். யாரும் யாருடைய மண்ணையும் எடுக்கவில்லை. ஒரு கழித்தல் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

அந்த அலுவலகத்தில் அமர்ந்திருந்தவரை நான் குறைசொல்ல வரவில்லை. இரண்டு செயல்களைத் தனித்தனியே செய்யவேண்டியிருந்தது: புதிய கணக்கைத் திறத்தல், பழைய கணக்கைக் குறைத்தல். ஒன்றைச் செய்தார், மற்றொன்றை மறந்தார். மறதி மனித இயல்பு. மறக்க இடம்கொடுத்த அமைப்பே என் கேள்விக்குரியது. மாணவர்களின் நிரலிலும் நான் கண்டது அதே அமைப்பைத்தான். அவர்கள் இப்படி எழுதியிருந்தார்கள்:

நியூ உட்பிரிவு("145/7-1", 400, உரிமையாளர்)

இந்த வரியில் தாய்ப்புலம் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. உட்பிரிவு வெட்டவெளியில் பிறக்கிறது. பிறந்தபின் யாரோ ஒருவர் அதைத் தாயின் பட்டியலில் சேர்க்கவேண்டும்; வேறொருவர் தாயின் பரப்பைக் குறைக்கவேண்டும்; '145/7-1' என்ற எண் முன்பே வழங்கப்பட்டதா என்று மூன்றாமவர் பார்க்கவேண்டும். இவற்றுள் எதை மறந்தாலும் மொழி தடுக்காது, சோதனையும் பச்சையாகவே இருக்கும். இதை எப்படி எழுதியிருக்கவேண்டும்?

தாய்ப்புலம்.பிரித்துக்கொடு(400, உரிமையாளர்)

வேறுபாடு எழுத்தளவில் சிறியது. ஆனால் இரண்டாம் வரியில் உட்பிரிவு ஆக்கித் தருமாறு தாய்ப்புலத்தையே கேட்கிறோம். அந்தச் செயற்கூற்றுக்குள் நான்கு காரியங்கள் ஒருங்கே நடக்கும். கேட்ட பரப்பு கையிருப்பில் உண்டா என்று தாய் பார்க்கும். அடுத்த எண் எதுவென்று தாயே தீர்மானிக்கும். கேட்பவர் எண்ணைக் கொண்டுவர வேண்டியதில்லை. தன் பரப்பைக் குறைத்துக்கொள்ளும். சேயைத் தன் பட்டியலில் எழுதிக்கொண்டு, பின்னரே வெளியில் தரும். பரப்புப் போதாவிட்டால் சேய் பிறப்பதே இல்லை. நான்கில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு எழுந்து போக யாராலும் இயலாது. இதைக் காக்க உட்பிரிவு என்னும் இனக்குழுவின் ஆக்கியை வெளியாருக்கு மூடிவிட வேண்டும். ஜாவாவில் அதைப் பொதிக்குள் மட்டும் தெரியுமாறு வைக்கலாம். சி பிளஸ் பிளஸ் மொழியில் தனியுரிமையாக்கித் தாய் இனக்குழுவை மட்டும் நட்பாக அறிவிக்கலாம். பைத்தானில் மொழி தடுக்காது. அடிக்கோடிட்ட பெயரும் குழுவின் ஒழுக்கமுமே காவல்.

கொள்கலனின் வழியாகவே உட்பொருளை ஆக்கும் இம்முறை புதிதன்று. கிரேக் லார்மன் 1997-இல் வெளியிட்ட நூலில், ஒரு பொருளை ஆக்கும் பொறுப்பு யாருக்கு உரியது என்ற கேள்விக்குத் தெளிவான விடை தந்தார்: அதைத் தன்னுள் கொண்டிருப்பவர், அதைப் பதிந்துவைப்பவர், அதை நெருங்கிப் பயன்படுத்துபவர், அதன் தொடக்கத் தரவை வைத்திருப்பவர். எங்கள் புலத்துக்கு இவற்றை வைத்துப் பார்த்தால் எல்லா விரல்களும் தாயையே சுட்டுகின்றன. 2003-இல் எரிக் எவான்ஸ், ஒன்றாக மாறவேண்டிய பொருள்களை ஒரு திரளாகக் கண்டு, அத்திரளின் வேர்ப்பொருள் வழியாகவே உள்ளே எதையும் சேர்க்கவேண்டும் என்று வற்புறுத்தினார். நம்மில் பலர் பெயரறியாமலே இம்முறையை நாள்தோறும் கையாள்கிறோம். எக்செல் நிரலில் ஒரு தாளை நியூ என்று எழுதி உருவாக்க இயலாது, மொழியே மறுத்துவிடும். பணிப்புத்தகத்தின் தாள்தொகுதியிடம்தான் 'ஒன்று சேர்' என்று கேட்கவேண்டும். புத்தகமில்லாத தாள் என்று ஒன்று அங்கு இல்லை. ஜாவாவில் தரவுத்தளத்தோடு பேசும்போது வினவலுக்குரிய பொருளை இணைப்பிடம்தான் பெறுகிறோம். இணைப்பு மூடப்பட்டால் அதனிடம் பிறந்தவையும் மூடப்படும்.

இங்கு ஒரு குழப்பத்தையும் நீக்கிவிட விரும்புகிறேன். நேர்முகத் தேர்வுகளில் இதைக் கேட்டால் மாணவர் உடனே, 'இது ஃபேக்டரி மெத்தட்' என்கின்றனர். 1994-இல் நால்வர் எழுதிய வடிவமைப்பு நூலில் அப்பெயருக்குரிய பொருள் வேறு: எந்த இனக்குழுவின் பொருளை ஆக்குவது என்ற முடிவை வழித்தோன்றல் இனக்குழுவிடம் விடுவது. அங்குக் கேள்வி 'எந்த வகை?' என்பது. நம் கேள்வி 'யாருக்குள்?' என்பது. இரண்டிலும் நியூ என்ற சொல் மறைவதால் ஒன்றுபோல் தோன்றுகின்றன. முன்னது வகையை மறைப்பதற்கு. பின்னது கணக்கைக் காப்பதற்கு.

இனி என் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அது மாணவர் மீதன்று, கற்பிக்கும் நம் மீது. பொருள்நோக்கு நிரலாக்கத்தின் முதல் வாரத்திலேயே ஆக்கியைக் கற்பிக்கிறோம். நியூ என்று எழுதினால் பொருள் பிறக்கும் என்கிறோம். எல்லாப் பொருளும் எவருடைய அனுமதியுமின்றி எங்கும் பிறக்கலாம் என்ற எண்ணம் அன்றே வேரூன்றிவிடுகிறது. பின்னர் ஒரு பருவம் கழித்து யூ.எம்.எல். வரைபடம் கற்பிக்கிறோம். கருநிறச் சாய்சதுரம் என்றால் உட்கூறு தன் முழுமையைச் சார்ந்தே வாழும் என்று மாணவர் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுகின்றனர். நான் பார்த்த செயல்திட்ட அறிக்கையிலும் புலத்துக்கும் உட்பிரிவுக்கும் நடுவே அந்தக் கருஞ்சதுரம் இருந்தது. நிரலிலோ உட்பிரிவின் ஆக்கி ஊருக்கெல்லாம் திறந்து கிடந்தது. வரைபடம் ஒன்று சொல்ல, நிரல் வேறொன்று செய்தது. இரண்டையும் அருகருகே வைத்துக் கேள்வி கேட்க மதிப்பீட்டுப் படிவத்தில் இடமே இல்லை. உறைபொதியாக்கம் என்றால் தரவை மறைப்பது என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம். பிறப்பை மறைப்பதும் உறைபொதியாக்கமே என்று சொல்லிக்கொடுப்பதில்லை.

எதிர்வாதங்கள் உண்டு, அவை எளியவை அல்ல.

முதலாவது, கொள்கலன் வீங்கிவிடும் என்பது. எல்லாச் சேய்களையும் தாயே ஆக்கினால், காலப்போக்கில் தாய் ஆயிரம் செயற்கூறுகளைச் சுமக்கும் என்கின்றனர். உண்மைதான், எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டினால். தாயிடம் இருக்கவேண்டியவை பிறப்பும், பிறப்பால் மாறும் கணக்கும் மட்டுமே. உட்பிரிவுக்கு வரி எவ்வளவு, அதன் எல்லைக் கோடுகள் யாவை என்பன உட்பிரிவின் வேலை.

இரண்டாவது, சோதிப்பது கடினமாகும் என்பது. ஓர் உட்பிரிவைச் சோதிக்க ஒரு தாய்ப்புலத்தையும் கட்டவேண்டியுள்ளதே என்று கேட்கின்றனர். ஆம், கட்டத்தான் வேண்டும். உலகில் தாய்ப்புலமற்ற உட்பிரிவு இல்லையென்றால், சோதனையில் மட்டும் அது எப்படி இருக்கலாம்? ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: தாய்ப்புலத்தை உருவாக்கவே தரவுத்தளமும் வலையமைப்பும் வேண்டுமென்றால், பழுது அந்தத் தாயின் வடிவமைப்பில் இருக்கிறது. அதைத் திருத்தவேண்டும், சேயை அநாதையாக்குவது தீர்வன்று.

மூன்றாவது, ஒரே நேரத்தில் பலர் பணியாற்றும்போது நெரிசல் உண்டாகும் என்பது. இதுவே வலுவான வாதம். தாயைப் பூட்டினால் பிறர் காத்திருக்க வேண்டும். ஆயினும், 809 சதுர மீட்டரிலிருந்து இரு எழுத்தர்கள் ஒரே நொடியில் ஆளுக்கு 500 பிரித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப்பாருங்கள். அந்தக் காத்திருப்புத்தான் நாம் விரும்புவது. கவனிக்கவேண்டியது கொள்கலனின் அளவு. ஒரு கிராமம் முழுவதையும் கொள்கலனாக்கினால், கிழக்கே ஒருவர் பிரிக்கும்போது மேற்கே உள்ளவர் வீணே காத்திருப்பார். எந்தக் கணக்கு குலையக்கூடாதோ, அந்தக் கணக்கைத் தாங்கும் மிகச்சிறிய அலகே சரியான கொள்கலன். பரப்புக் கணக்கு புல எண்ணுக்குள் முடிகிறது. ஆகவே புலமே தாய், கிராமம் அன்று.

நான்காவது, பழைய தரவு. தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருக்கும் உட்பிரிவை நினைவகத்தில் ஏற்றும்போது, அதுவும் 'பிரித்துக்கொடு' வழியாகவா வரவேண்டும்? கூடாது, வந்தால் பரப்பு இருமுறை கழியும். பிறப்பு வேறு, மீட்டெழுப்புதல் வேறு. ஏற்கெனவே பிறந்த ஒருவர் வீடு திரும்புவதற்குப் பிறப்புச் சான்றிதழ் மீண்டும் எழுதப்படுவதில்லை. இரண்டுக்கும் இரு வாயில்கள் வேண்டும். இரண்டாம் வாயிலின் திறவுகோல் சேமிப்பகத்திடம் மட்டும் இருக்கவேண்டும்.

எல்லாவற்றையும் கொள்கலன் வழியே ஆக்குக என்பது என் கட்சியன்று. உரிமையாளரை எடுத்துக்கொள்ளுங்கள். என் தாயார் நிலத்தின் உட்கூறு அல்லர். நிலம் விற்கப்பட்டாலும் அவர் இருப்பார். வேறு வட்டத்தில் அவருக்கு வேறு நிலமும் இருக்கலாம். அவரைப் 'புலம்.உரிமையாளரைஉருவாக்கு' என்று ஆக்கினால், ஒரே மனிதர் நிலத்துக்கு ஒருவராகப் பெருகிவிடுவார். தமிழ்நாட்டு வருவாய்த் துறையின் நடைமுறை இந்த வேறுபாட்டை அழகாகக் காட்டுகிறது. அங்குப் பட்டா மாறுதல் இருவகை: உட்பிரிவு தேவைப்படாதது, தேவைப்படுவது. முழுப் புலமும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சென்றால் பெயர் மட்டும் மாறும். நில அளவர் வரவேண்டியதில்லை. ஒரு பகுதி மட்டும் சென்றால், அளந்து, புலப்படத்தில் கோடு வரைந்து, புதிய எண் வழங்கவேண்டும். நிரலாளர் மொழியில் சொன்னால், முன்னதில் ஒரு சுட்டு மாறுகிறது. பின்னதில் ஒரு பொருள் பிறக்கிறது. இரண்டையும் ஒரே விண்ணப்பமாகக் கருதாத அந்த நிர்வாக அறிவு, நம் பாடநூல் எடுத்துக்காட்டுகள் பலவற்றில் இல்லை.

எனவே மாணவர்க்கு நான் மூன்று கேள்விகளைப் பரிந்துரைப்பேன். தாய் அழிந்தால் இந்தப் பொருளுக்குப் பொருள் உண்டா? இது பிறப்பதால் தாயின் கணக்கு மாறுகிறதா? இதன் பெயரோ எண்ணோ தாய்க்குள் மட்டும்தான் தனித்துவமானதா? முதலாவதற்கு 'இல்லை' என்றும் மற்ற இரண்டில் ஒன்றுக்கேனும் 'ஆம்' என்றும் விடை வந்தால், ஆக்கியை மூடுங்கள், தாயிடம் கேளுங்கள்.

மூன்றாம் கேள்வி எல்லையில் வாழும் எங்களுக்கு நன்கு புரியும். '145/7' என்று மட்டும் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நிலத்தைக் காட்ட முடியாது. எந்த மாநிலம், எந்த வட்டம், எந்த வில்லேஜ், எந்த பிளாக் என்ற கேள்விகள் வரிசையாக வரும். களியக்காவிளையில் பட்டா, இஞ்சிவிளையில் தண்டப்பேர். நடந்தே கடக்கும் தொலைவுதான். எண் தன்னளவில் எதையும் சுட்டாது. தன் கொள்கலனோடு சேர்ந்தே சுட்டும்.

கொள்கலன் மாறுவதும் நிகழும். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வட்டம் பெயர்ந்தபோது அதனுள் கிராமங்களும், கிராமங்களுக்குள் புலங்களும் சேர்ந்தே பெயர்ந்தன. தனியொரு உட்பிரிவு மட்டும் எழுந்து எல்லை தாண்டிவிட முடியாது. இணையப் பக்கங்களின் ஆவண மாதிரியான 'டாம்' இதே சிக்கலைச் சந்தித்தது. 1998-இல் வந்த முதல் நிலைப் பரிந்துரையில், ஒவ்வொரு கணுவையும் ஆவணத்தின் 'கிரியேட் எலிமென்ட்' போன்ற செயற்கூறுகளே ஆக்கின. ஓர் ஆவணத்தில் பிறந்த கணுவை மற்றோர் ஆவணத்தில் சேர்க்க முயன்றால் 'தவறான ஆவணம்' என்ற பிழை எழுந்தது. 2000-இல் இரண்டாம் நிலை 'இம்போர்ட் நோட்' தந்தது; அது படியெடுத்துக் கொடுக்கும். 2004-இல் மூன்றாம் நிலை 'அடாப்ட் நோட்' தந்தது. அது கணுவையே அதன் கிளைகளோடு தத்தெடுக்கும். இன்றைய உலாவிகள் கேளாமலே தத்தெடுத்துக்கொள்கின்றன. பிறப்பில் கண்டிப்பு, இடப்பெயர்வுக்கு முறையான வாயில் என்ற இரண்டும் இருந்தால்தான் கொள்கலன் முறை வாழும். கண்டிப்பு மட்டும் இருந்தால் மக்கள் பின்வாசல் தேடுவர்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. கேரளத்தில் 2022 நவம்பர் 1 அன்று 'என்டே பூமி' என்ற பெயரில் டிஜிட்டல் மறுஅளவை தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் பட்டாவும் புலப்படமும் இணையத்தில் கிடைக்கின்றன. இம்மென்பொருள்களைப் பராமரிக்கப்போகிறவர்கள் இன்று நம் வகுப்பறையில் இருக்கும் மாணவர்கள். காகிதப் பேரேட்டில் ஒரு கழித்தல் விட்டுப்போனால், ஒரு குடும்பம் பேசாமற்போகும். மென்பொருளில் அந்தக் கழித்தலுக்கு இடமே இல்லாமற்போனால், எத்தனை குடும்பங்கள்?

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பருவத்தில் ஆக்கியைக் கற்பிக்கும் அன்றே, 'இந்தப் பொருளை ஆக்க யாருக்கு உரிமை?' என்ற கேள்வியையும் கற்பியுங்கள். செயல்திட்ட மதிப்பீட்டில் வரைபடத்தின் கருஞ்சதுரத்தையும் நிரலின் ஆக்கியையும் ஒரே மேசையில் வைத்துப் பாருங்கள். மாறுபட்ட கருத்துடையோர் எழுதுங்கள். குறிப்பாக, பெரிய அளவிலான அமைப்புகளில் இம்முறை உடைந்ததைக் கண்டவர்கள் எழுதினால் நன்றி உடையேன்.

என் தாயாரின் ஐந்து சென்டுக்கு இப்போது தனி எண் உண்டு; அவர் பெயரில் கரம் கட்டிய ரசீதும் உண்டு. பெரிய மாமா வீட்டிற்கு வருகிறார். வேலியைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை.